வேலையில் கற்றதைக் கல்லூரிக் கிரெடிட்டாக மாற்றுவது எப்படி: சித்தூர் தாலுகாத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் முப்பது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு டிகிரி படிக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வயரிங் வேலை செய்தவர், தையல் யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்தவர், குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் கணக்குப் பார்த்தவர், பட்டாளத்திலிருந்து திரும்பியவர் என்று பல ரகம். எங்கள் ஊர் லைப்ரரியில் மாலை நேரங்களில் பாரம் நிரப்பிக் கொடுப்பதால் இவர்களோடு பேசிப் பழக்கம். சுற்றி வளைத்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இத்தனை வருஷம் வேலை பார்த்தேனே, இதுக்குக் காலேஜ்ல ஏதாவது கழிவு உண்டா?"

உண்டு. ஆனால் வருஷக் கணக்குக்குக் கிடைக்காது. அந்த வருஷங்களில் நீங்கள் என்ன கற்றீர்கள் என்பதை ஒருவர் சோதித்துப் பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும். இதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில் கிரெடிட் என்றால் என்ன

எவ்வளவு கற்றீர்கள் என்பதற்குக் கல்லூரி போடும் அளவுதான் கிரெடிட், இத்தனை கிரெடிட் சேர்ந்தால்தான் டிகிரி. வேலையில் கற்றதைச் சோதித்துக் கிரெடிட் தரும் ஏற்பாட்டுக்கு அரசுக் காகிதங்களில் ஆர்.பி.எல் என்று பெயர். முன்கற்றலுக்கான அங்கீகாரம் என்று தமிழில் சொல்லலாம். 2023 ஏப்ரலில் மத்திய அரசு தேசியக் கிரெடிட் கட்டமைப்பை வெளியிட்டது. பள்ளிப் படிப்பு, கல்லூரிப் படிப்பு, தொழில் பயிற்சி மூன்றையும் ஒரே அளவுகோலில் அளக்கலாம் என்று அதில் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு 1200 மணி நேரக் கற்றல், அதற்கு 40 கிரெடிட். அதாவது 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். வகுப்பில் உட்கார்ந்த நேரம் மட்டும் இல்லாமல் செய்முறை, பட்டறை, வீட்டில் படித்தது எல்லாம் அந்த மணிக்கணக்கில் சேரும். இந்தக் கணக்கில் மூன்று வருஷ டிகிரி 120 கிரெடிட். கேரளத்தில் 2024-இல் தொடங்கிய நான்கு வருஷ டிகிரித் திட்டத்தில் மூன்று வருஷத்தோடு முடித்துக்கொண்டால் 133, நான்கு வருஷமும் படித்தால் 177.

வேலை அனுபவத்துக்கும் அந்தக் கட்டமைப்பில் இடம் இருக்கிறது. ஒரு தொழில் படிப்பில் தேறியவர் அதே தொழிலில் எத்தனை காலம் இருந்தார் என்பதைப் பார்த்து, அவருடைய கிரெடிட்டை அதிகபட்சம் இரண்டு மடங்கு வரை கூட்டிக் கணக்கிடலாம். இதிலும் மதிப்பீடு முடிந்திருக்க வேண்டும். சோதிக்காத எதற்கும் கிரெடிட் கிடையாது.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி 2025-இல் வெளியிட்ட பட்டப்படிப்பு விதிகளும் முன்கற்றலை ஏற்கின்றன. அதே விதிகளின்படி, ஒரு பாடத்தை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, வாங்க வேண்டுமானால் மொத்தக் கிரெடிட்டில் குறைந்தது பாதியாவது அந்தப் பாடத்திலிருந்து வர வேண்டும். மீதியில் திறன் படிப்பு, அப்ரன்டிஸ், வேறு துறைப் பாடங்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். வேலையில் கற்றதற்கு இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம் இருப்பது இந்த மீதியில்தான். பி.காம் மேஜர் தாள்களையே கழித்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள்.

விதி வந்துவிட்டதால் எல்லாக் கல்லூரியும் நாளைக்கே செய்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு கல்லூரி ஆபீசில் விவரம் தெரிந்தவர் இருப்பார், அடுத்த கல்லூரியில் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் காகிதங்களை நீங்களே தயார் செய்துகொண்டு போக வேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவில் இது பழைய ஏற்பாடு. கிளெப் என்ற தேர்வை அங்கே 1960-களிலிருந்தே நடத்துகிறார்கள். அதை எழுதித் தேறினால், வகுப்பில் உட்காராமலே அந்தப் பாடத்துக்குப் பல கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன. ராணுவப் பயிற்சியைக் கல்லூரிக் கிரெடிட்டாக மதிப்பிட்டுச் சொல்வதற்கே ஓர் அமைப்பு இருக்கிறது. நம் நாட்டிலும் 2022-இல், அக்னிபத் திட்டத்தில் ராணுவத்தில் சேரும் அக்னிவீரர்களுக்கு இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலம் ஒரு டிகிரியை அறிவித்தார்கள். அதில் பாதிக் கிரெடிட், பணியில் பெற்ற பயிற்சிக்கே. அக்னிவீரருக்கு அரசே வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. மற்றவர்கள் கீழே உள்ள வரிசையில் போகலாம்.

படி 1: பத்து, பன்னிரண்டை முடியுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்க வழி தேடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேராக டிகிரி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அப்படி வாங்கியவர்கள் பின்னால் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2009-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அதற்கு எதிராக வந்தது. அதே வருஷம் தமிழ்நாடு அரசு, பத்து, பன்னிரண்டு, அப்புறம் டிகிரி என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்கு எடுப்போம் என்று 107-ஆம் எண் அரசாணை போட்டது. நமக்குப் பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்து விதியையும் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

கேரளத்தில் இதற்கு நல்ல வழி சாட்சரதா மிஷன் என்னும் எழுத்தறிவு இயக்கத்தின் துல்யதா வகுப்புகள், அதாவது பள்ளிப் படிப்புக்குச் சமமான வகுப்புகள். பத்தாம் வகுப்புத் துல்யதாவுக்கு 17 வயது முடிந்து, ஏழாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். ஹயர் செகண்டரி துல்யதாவுக்குப் பத்து தேறி, 22 வயது முடிந்திருக்க வேண்டும். ஹயர் செகண்டரியில் ஹியூமானிட்டீஸ் என்னும் கலைப் பாடங்களும் காமர்சும்தான், சயன்ஸ் கிடையாது. வகுப்பு பெரும்பாலும் விடுமுறை நாட்களில் நடப்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதுப்படும். பத்தாம் வகுப்பைத் தமிழ் மீடியத்திலும் எழுதலாம். பஞ்சாயத்தில் இருக்கும் சாட்சரதா ஊழியரான பிரேரக்கைப் பார்த்துச் சேரும்போதே "எனக்குத் தமிழ் மீடியம்" என்று சொல்லிப் பாரத்தில் எழுத வையுங்கள். மலையாளத்தில் சேர்த்துவிட்டு அப்புறம் மாற்றலாம் என்றால் அலைய வேண்டிவரும்.

இன்னொரு வழி, என்.ஐ.ஓ.எஸ் என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பு அங்கேயும் தமிழில் உண்டு. சேர்ந்தால் ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்புகள், முடிந்த பாடத்தை முடித்துக்கொண்டே போகலாம். முன்பு வேறு போர்டில் எழுதி ஒன்றிரண்டு பாடம் மட்டும் தேறியவர்களுக்கு, விதிக்கு உட்பட்டு, இரண்டு பாடம் வரை அந்த மதிப்பெண்ணை இங்கே மாற்றித் தருவார்கள். பழைய மார்க் ஷீட் எத்தனை வருஷத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் இருப்பவர்களுக்கு என்.ஐ.ஓ.எஸ் தவிர ஆந்திர மாநிலத் திறந்தவெளிப் பள்ளியும் இருக்கிறது. அங்கே கைத்தறி நெசவு செய்கிறவர்கள் ஒரு விஷயத்தை விசாரிக்க வேண்டும். 2016-இல் மத்திய ஜவுளி அமைச்சகம் என்.ஐ.ஓ.எஸ்ஸுடனும் இக்னோவுடனும் ஓர் ஒப்பந்தம் போட்டது. நெசவாளர் குடும்பங்களில் பெண்கள், எஸ்.சி, எஸ்.டி, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் ஆகியோருக்குப் படிப்புக் கட்டணத்தில் 75 சதவீதத்தை அரசே ஏற்கும் என்று அதில் இருந்தது. இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று நெசவாளர் சேவை மையத்தில் கேளுங்கள். விசைத்தறிக்காரர்களுக்கு இது பொருந்தாது.

படி 2: பெயரை ஒன்றாக்குங்கள்

எல்லைப் பகுதியில் இருக்கிற நமக்கு இது தனித் தலைவலி. கேரள எஸ்.எஸ்.எல்.சி புக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருந்தால் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயரே முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாணமான பெண்களுக்கு ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் பெயர். பிறந்த தேதியும் பலருக்கு ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று. எழுத்துக்கூட்டும் மாறும், ஒரே பெயர் ஒரு காகிதத்தில் "ழ"வுக்கு ஒரு எழுத்தோடும் இன்னொன்றில் வேறு எழுத்தோடும் இருக்கும். கம்ப்யூட்டருக்கு இவை இரண்டும் இரண்டு ஆட்கள்.

பள்ளிச் சான்றிதழில் இருப்பதை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள். பழைய அனுபவச் சான்றிதழ்களில் வேறு மாதிரி இருந்து அவற்றைத் திருத்த முடியாவிட்டால், வில்லேஜ் ஆபீசில் ஒன் அண்ட் சேம் சர்ட்டிபிகேட் வாங்குங்கள். அரசின் இ-சேவை மையமான அக்ஷயா சென்டரிலேயே விண்ணப்பிக்கலாம். இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று வில்லேஜ் ஆபீசர் தரும் சான்று அது. எஸ்.எஸ்.எல்.சி புக் தொலைந்திருந்தால் நகல் வாங்க நாளாகும், அதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

படி 3: கிரெடிட் கணக்கு

அரசின் சான்றிதழ்ப் பெட்டகமான டிஜிலாக்கர் தளத்தில் உள்ளே போய் அபார் அடையாள எண் எடுத்துக்கொள்ளுங்கள். 12 இலக்கம். அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், சுருக்கமாக ஏ.பி.சி, 2021-இல் வந்தது. உங்கள் கிரெடிட்டெல்லாம் இந்த எண்ணின் கீழ்தான் சேரும். நீங்களாக எதையும் அதில் ஏற்ற முடியாது, படித்த நிறுவனம்தான் ஏற்றும். பொதுவாக ஏழு வருஷத்துக்குள் அந்தக் கிரெடிட்டைப் பயன்படுத்திவிட வேண்டும். தொலைநிலைக் கல்வியில் சேர இப்போது டெப் ஐடி என்று யு.ஜி.சியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் இன்னொரு எண்ணும் கேட்கிறார்கள். அதை எடுக்கவும் ஏ.பி.சி எண் வேண்டும், அதனால் இதை முதலில் முடியுங்கள். அக்ஷயாவில் பத்து நிமிஷ வேலை, ஆதாரோடு இணைத்த போன் கையில் இருந்தால்.

முன்பே டிகிரியில் சேர்ந்து பாதியில் விட்டவர்கள் பழைய மார்க் லிஸ்ட்டுகளை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தேறிய தாள்களை இப்போது ஏற்பார்களா, மறுபடி சேர்க்க என்ன விதி என்று அதே பல்கலைக்கழகத்தில்தான் முதலில் கேட்க வேண்டும். அனுபவத்துக்குக் கிரெடிட் வாங்குவதைவிடப் படித்த தாளுக்கு வாங்குவது பல சமயம் சுலபம்.

படி 4: தொழில் திறனைச் சோதித்துச் சான்றிதழ் வாங்குவது

கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு இதுதான் நேரடி வழி. 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவில் ஆர்.பி.எல் ஒரு பிரிவு. ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் என்ற தளத்தில் ஆதாரை வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்தில் எந்தப் பயிற்சி மையத்தில் உங்கள் தொழிலுக்கு பேட்ச் வருகிறது என்று பார்த்துச் சேர வேண்டும். எல்லாத் தொழிலுக்கும் எல்லா நேரத்திலும் பேட்ச் இருக்காது. மையத்துக்குப் போன் செய்து கேட்டுவைத்தால் வரும்போது சொல்வார்கள்.

சேர்ந்த பிறகு சில மணி நேர அறிமுக வகுப்பு இருக்கும். பாதுகாப்பு, அளவுகள், தொழில் தரநிலை இவற்றைச் சொல்லித் தருவார்கள். "எனக்குத் தெரியாததா" என்று பின்பெஞ்சில் உட்காராதீர்கள். பதினைந்து வருஷம் வயரிங் செய்தவருக்கு எர்த்திங் எப்படிப் போடுவது என்று கை சொல்லிவிடும். ஏன் போடுகிறோம், எவ்வளவு ஓம்ஸுக்குள் இருக்க வேண்டும் என்று வாயால் சொல்லச் சொன்னால் திணறுவார். சோதனையில் செய்முறையோடு வாய்மொழிக் கேள்வியும் வரும். பாலக்காட்டு மையங்களில் சோதிக்க வருகிறவர் மலையாளத்தில் கேட்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பதில் சொல்லலாமா என்று முன்கூட்டியே மையத்தில் பேசிவையுங்கள். சான்றிதழ் வந்ததும் அதில் தொழிலின் பெயர், நிலை எண், கிரெடிட் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 390 மணி நேரப் படிப்பென்றால் 13 கிரெடிட் என்ற கணக்கில் வரும்.

தச்சர், கொல்லர், கொத்தனார், தையல்காரர், குயவர், பூக்கட்டுகிறவர் உள்ளிட்ட 18 தொழில்களுக்கு 2023 செப்டம்பரில் பி.எம் விஸ்வகர்மா திட்டம் வந்தது. அதிலும் திறன் சோதனை, சில நாள் பயிற்சி, சான்றிதழ் உண்டு. தினம் 500 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். கல்லூரிக்கு நேராகக் கிரெடிட் தராவிட்டாலும் கோப்பில் வைக்க நல்ல ஆதாரம்.

எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், மெக்கானிக் மாதிரித் தொழில்களுக்கு இன்னொரு வழியையும் விசாரியுங்கள். அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராக ஐ.டி.ஐயின் அகில இந்தியத் தொழில் தேர்வை எழுத இடம் இருக்கிறது. மலம்புழா ஐ.டி.ஐயில் போய் இந்த வருஷ அறிவிப்பைக் கேளுங்கள். ஐ.டி.ஐ சான்றிதழை வைத்துப் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேர்வதும், டிப்ளமோவை வைத்து பி.டெக் இரண்டாம் வருஷத்தில் சேர்வதும் வெகுகாலமாக நடைமுறையில் உள்ளவை. ஒரு வருஷம் முழுதாக மிச்சமாவது இந்தப் பாதையில்தான். எந்தெந்தச் சான்றிதழை ஏற்பார்கள் என்பதை அந்த வருஷத்துச் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

படி 5: வேலைக் கோப்பு

இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். சான்றிதழ் தருகிற அமைப்பு எதுவுமில்லாத வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. கணக்கு எழுதுவது, கூட்டம் நடத்துவது, எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, கடை நடத்துவது. இவற்றில் கற்றதைக் காட்ட ஒரே வழி, அதை எழுதி ஆதாரத்தோடு வைப்பது.

வடகரப்பதிப் பக்கத்து அக்கா ஒருவர் பி.காம் படிக்க ஆசைப்பட்டு வந்தார். குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கக் குழுவான அயல்கூட்டத்தில் செக்ரட்டரியாக இருந்து, அப்புறம் குடும்பஸ்ரீ நடத்தும் மலிவு விலை ஜனகீய ஹோட்டல் ஒன்றில் வரவு செலவு பார்த்தவர். எழுதிக்கொண்டு வந்த காகிதத்தில் ஒரே வரி: "பல வருடம் குடும்பஸ்ரீயில் கணக்கு எழுதிய அனுபவம் உண்டு." அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த வாத்தியாரும் எதுவும் செய்ய முடியாது.

"அக்கா, மாசக் கடைசியில பாஸ்புக்கும் உங்க நோட்டும் ஒத்து வரலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"நாம செக் குடுத்திருப்போம், மளிகைக்கடைக்காரர் பேங்க்ல போட்டிருக்க மாட்டாரு. அதைத் தனியா ஒரு தாள்ல எழுதி வெச்சுக்குவேன், அடுத்த மாசம் வந்ததும் டிக் போடுவேன். பேங்க்ல சார்ஜ் புடிச்சிருந்தா அதை நம்ம நோட்ல ஏத்திருவேன். அதுக்கும் மேல வித்தியாசம் வந்தா ரசீது ரசீதா உக்காந்து பாக்க வேண்டியதுதான்."

பி.காம் முதலாண்டு நிதிக் கணக்கியலில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் வரும். அக்கா சொன்னது முழுக்க அதுதான். பெயர் மட்டும் அவருக்குத் தெரியாது. இப்படிக் கேட்டுக் கேட்டு எழுதியதில் ரொக்க ஏடு, வவுச்சர் வரிசை, உள்கடனுக்கு வட்டி, சரக்கு இருப்பு, அப்போது 20 ரூபாய்க்கு விற்ற சாப்பாட்டுக்கு ஆன அடக்கவிலை என்று ஏழெட்டு விஷயம் வெளியே வந்தது. கூட்டாண்மைக் கணக்கும் தேய்மானமும் தெரியாது என்றார். அதை எழுதவில்லை.

உங்கள் கோப்பையும் இதே முறையில் எழுதலாம். சேர விரும்பும் டிகிரியின் சிலபஸைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து எடுங்கள். ஒரு நீளத் தாளில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து நாலு பத்தி போடுங்கள். முதல் பத்தியில் சிலபஸில் உள்ள தலைப்பு. இரண்டாவதில் அதை நீங்கள் வேலையில் எப்படிச் செய்தீர்கள் என்று இரண்டு மூன்று வரி, "செய்வேன், போடுவேன், சரிபார்ப்பேன்" என்று வினைச்சொல்லில் முடியட்டும். மூன்றாவதில் ஆதாரம். நான்காவதில் இதைச் சொல்லக்கூடிய ஆள் யார் என்பது. ஒரு தலைப்புக்கு மூன்று பத்தி நிரம்பி ஆதாரப் பத்தி மட்டும் காலியாக இருந்தால், அந்த ஆதாரத்தைத் தேடிப் போங்கள். கிடைக்காவிட்டால் தலைப்பையே விட்டுவிடலாம். பலவீனமான ஒன்று கோப்பில் இருந்தால் நல்லதையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஆதாரம் எங்கே கிடைக்கும்? பி.எஃப் பிடித்திருந்தால் யு.ஏ.என் என்னும் உங்கள் பி.எஃப் எண்ணை வைத்து, பி.எஃப் நிறுவனமான இ.பி.எஃப்.ஓவின் தளத்தில் பணி வரலாறு எடுக்கலாம். எந்த முதலாளியிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். மூணாறு, தேவிகுளம் எஸ்டேட்காரர்களுக்கு இது பெரிய உதவி, கங்காணி மாறினாலும் கம்பெனி மாறினாலும் பதிவு அழியாது. கட்டட வேலைக்காரர்கள், கள்ளுத் தொழிலாளிகளுக்கு க்ஷேமநிதி (நலநிதி) பாஸ்புக் இருக்கும். வயர்மேன்களுக்கு மாநில மின் உரிம வாரியம் தந்த பெர்மிட். குடும்பஸ்ரீயில் மினிட்ஸ் புக், லெட்ஜர், ஆடிட் அறிக்கை. மினிட்ஸ் புக்கில் உங்கள் கையெழுத்து இருக்கும் இரண்டு மூன்று பக்கத்தை நகல் எடுங்கள். அதில் மற்றவர்களின் கடன் விவரம் இருந்தால் பெயர்களை மறைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

அனுபவக் கடிதம் கேட்டால் முதலாளிகள் வழக்கமாக "இவர் எங்களிடம் நல்ல முறையில் பணியாற்றினார், வாழ்த்துகள்" என்று எழுதித் தருவார்கள். அதனால் பயனில்லை. நீங்களே வாசகத்தை எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்துக் கேளுங்கள். இப்படி இருக்கலாம்:

"இவர் 2014 ஜூன் முதல் 2023 மார்ச் வரை எங்கள் தையல் யூனிட்டில் வேலை செய்தார். முதல் மூன்று வருடம் சிங்கிள் நீடில், ஓவர்லாக் மிஷின்கள் ஓட்டினார். பிறகு 12 பேர் கொண்ட லைனுக்குச் சூப்பர்வைசர். அன்றைய டார்கெட்டைப் பிரித்துக் கொடுப்பது, அளவு சரிபார்ப்பது, ரிஜெக்ட் ஆன பீஸ்களுக்குக் காரணம் எழுதி வைப்பது, புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது இவருடைய பொறுப்பு. இவற்றை நான் நேரில் பார்த்துள்ளேன்."

கடைசி வரி முக்கியம். கையெழுத்துப் போடுகிறவர் பதவி, சீல், போன் நம்பர் இருக்கட்டும். கல்லூரியிலிருந்து கூப்பிட்டால் பேச வேண்டும் என்று அவரிடம் சொல்லியும் வையுங்கள்.

கோப்பு கனமாக வேண்டியதில்லை. முன்னால் ஒரு பக்க அறிமுகம், அப்புறம் அந்த நாலு பத்தி அட்டவணை, பின்னால் எண் போட்ட ஆதாரங்கள். அட்டவணையில் "ஆதாரம் 7" என்று எழுதியிருந்தால் பின்னால் ஏழாவது தாளில் அது இருக்க வேண்டும். முடிந்தவுடன் யாராவது ஒருவரை உட்கார வைத்து, அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரியைப் பற்றியும் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள். வாய்மொழித் தேர்வு வைத்தால் இதே கேள்விகள்தான் வரும்.

படி 6: கல்லூரிக்குப் போவது

மே, ஜூனில் அட்மிஷன் நெரிசல். அப்போது போய் ஆர்.பி.எல் என்றால் யாருக்கும் காது கேட்காது. டிசம்பர், ஜனவரியிலேயே போங்கள். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது, மலையாளம் தடுமாறினால் அங்கே யாரிடமாவது வழி கேட்கலாம். ஆபீசில் கேட்பதோடு நிறுத்தாமல், நான்கு வருஷ டிகிரித் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியர் யார் என்று விசாரித்து அவரைப் பாருங்கள். கல்லூரி தன்னால் முடிவு சொல்ல முடியாது என்றால் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். நம் பகுதிக்குக் கோழிக்கோடு பல்கலைக்கழகம், தேஞ்ஞிப்பலத்தில். தினமும் கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்குக் கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையம் பட்டாம்பியில் இருக்கிறது. இக்னோவும் உண்டு, அங்கே ஜனவரி, ஜூலை என இரண்டு முறை சேர்க்கை.

பேசும்போது இவற்றைத் தெளிவாகக் கேட்டு வாருங்கள். தாளே கழியுமா, கிரெடிட் மட்டும் ஏறுமா? மேஜரிலா, திறன் படிப்புப் பகுதியிலா? சோதனை எப்படி, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? மார்க் லிஸ்ட்டில் எப்படிப் பதிவார்கள்? பின்னால் பி.எட் போகவோ அரசு வேலைக்கான பி.எஸ்.சி தேர்வு எழுதவோ நினைப்பவர்களுக்குக் கடைசிக் கேள்வி ரொம்ப அவசியம்.

அனுபவத்துக்கு இப்போது வழியில்லை என்றால், மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயம் பற்றிக் கேளுங்கள். யு.ஜி.சியின் 2021 விதிப்படி, கல்லூரி ஒப்புக்கொண்டால், ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை அங்கே படித்துக் கிரெடிட் மாற்றிக்கொள்ளலாம். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் பணம். ஏற்கெனவே வேலையில் தெரிந்த விஷயத்தைப் பாடமாக எடுத்தால் சுலபமாகத் தேறலாம். அதுவும் அனுபவத்தைக் கிரெடிட்டாக்குகிற வழிதான். சேரும் முன்பே எந்தப் பாடத்தை ஏற்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புரோக்கர்கள்

"உங்கள் அனுபவத்துக்கு ஒரே சிட்டிங்கில் டிகிரி" என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அனுபவத்துக்கு முழு டிகிரி தரும் பல்கலைக்கழகம் இந்தியாவில் கிடையாது. பின்தேதி போட்ட மார்க் லிஸ்ட் வாங்கினால் வேலையில் சேர்ந்து பத்து வருஷம் கழித்துக்கூட மாட்டுவார்கள், கிரிமினல் வழக்கும் வரும். வறுமையில் சேர்த்த பணத்தை இவர்களிடம் கொடுத்தவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. யு.ஜி.சி தளத்தில் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் இருக்கிறது, கேரள, ஆந்திர முகவரிகளும் அதில் உண்டு. தொலைநிலைப் படிப்பென்றால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை அந்த வருஷம் நடத்த அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பாருங்கள். அக்ஷயாவில் இருக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துக் கொடுப்பார்கள்.

விண்ணப்பத்தை நிராகரித்தால்

வாயால் "நடக்காது" என்று சொன்னதோடு திரும்பி வராதீர்கள். விண்ணப்பத்தை எழுதி இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான சீலும் தேதியும் வாங்குங்கள். எந்த விதியின்படி நிராகரிக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் கையில் இருந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கோ உயர்கல்வித் துறைக்கோ மேலே எழுத முடியும். மலையாளம் எழுத வராது என்று இதை விட்டுவிட வேண்டாம். மொழிச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. அரசுத் துறைக்கு எழுதும் கடிதத்தைத் தமிழில் எழுதி, மேலே அந்தச் சட்டத்தின் பெயரை ஒரு வரி குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.